ஏழாவது நரம்பும் ‘ம்ம்ம்’ சத்தமும்

முதல்ல கணக்கைப் பார்த்துவிடுவோம். ஏழு நரம்பு எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பெயர்போன கம்பனியின் பிக்கப் ஒரு சோடி வாங்கப் போனால் கிட்டத்தட்ட 200 டொலர் ஆகும். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 60,000. தபால் செலவும் சுங்கமும் தனி. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. வகுத்துப் பார்த்தால் 44 நாளுக்கு மேல் வருது. எங்க பக்கத்துக் கணக்கில் 44 முழுப்பேர். நடுவில் ஒரு அரைப்பேர்கூட விழக்கூடாது, மழை கெடுக்கக்கூடாது, கொழுந்து குறையக்கூடாது. இவ்வளவும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு கறுப்புப் பெட்டிக்கு.

இதே சாமான் 2022 பெப்ரவரியில் 40,000 ரூபாவுக்கு வந்திருக்கும். அந்த வருசம் மே மாதம் டொலர் 360 ஐத் தொட்டபோது 70,000 ஐத் தாண்டியது. பிக்கப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே காந்தம், அதே செப்புக் கம்பி.

என் நண்பன் ஒருத்தன் ஹட்டன் பக்கம் ஒரு சின்ன இசைக்குழுவில் லீட் வாசிக்கிறான். திருவிழா மேடையில் சினிமாப் பாட்டு, வீட்டில் மெட்டல். அவன்தான் கேட்டான்: “மச்சான், என்ன பிக்கப் போடலாம்? வாசிக்காமல் நின்னாலும் ‘ம்ம்ம்’னு ஒரு சத்தம் வருது, கீழ் நரம்பை அடிச்சா சேறு மாதிரி கேக்குது.” வரலாறு படிக்கிறவன்கிட்ட கேட்டால் வரலாறுதான் வரும். ஆனால் தேடத் தேட ஒரு விஷயம் பிடிபட்டது: அந்த ‘ம்ம்ம்’ சத்தத்தின் கதையும் எங்க ஊர்க் கரண்டின் கதையும் ஒரே கதையின் இரண்டு முனைகள்.

பிக்கப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. மேலே உருக்கு நரம்பு அதிரும்போது காந்தப் புலம் கலையும். கலைந்தால் சுருளில் சின்னதாக மின்சாரம் பிறக்கும். அதை அம்ப் பெரிதாக்கும். ஃபரடே 1831 இல் கண்டுபிடித்த அதே தத்துவம். லக்சபானவில் சுற்றும் ஜெனரேட்டரிலும் இதேதான் நடக்கிறது. அங்கே தண்ணீர் சுற்றுகிறது, இங்கே விரல் அதிர வைக்கிறது. அளவுதான் வித்தியாசம்.

இதிலிருந்தே ஒன்று விளங்கும். காந்தத்துக்குப் பிடிபடாத நரம்பு இந்தப் பிக்கப்புக்குக் கேட்காது. வீணைக்கு இதை மாட்டினால் உருக்குத் தந்தி கணீரென்று கேட்கும், பித்தளைத் தந்தி பின்வாங்கிவிடும். அதனால்தான் வீணைக்காரர்கள் பலர் அதிர்வை நேராகப் பிடிக்கும் ஒட்டுமைக் பக்கம் போனார்கள். வீணைக்கும் ஏழு நரம்புதான்: வாசிக்க நாலு, தாளத்துக்கு மூன்று. அதற்கும் முன்னால் போனால் செங்கோட்டியாழுக்கும் ஏழு. மட்டக்களப்புக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல வருசம் உழைத்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று நரம்புக் கணக்கோடு பேசுகிற புத்தகம் அது. ஏழு நரம்பு என்றதும் ‘என்னடா இது வெள்ளைக்காரன் வித்தை’ என்று வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்க. நானும் ‘கம்பி’ என்று எழுதாமல் ‘நரம்பு’ என்று எழுதுவது அதற்காகத்தான்.

சரி, கிட்டாருக்கு ஏன் கரண்டு தேவைப்பட்டது? கேட்கவில்லை, அதனால்தான். 1920களில் அமெரிக்காவில் நடனக் குழுக்கள் பெருத்துக்கொண்டே போயின. டிரம், சாக்சபோன், டிரம்பெட் எல்லாம் சேர்ந்து வாசிக்கும்போது கிட்டார்காரர் கை அசைவது தெரியும், சத்தம் வராது. ஜோர்ஜ் போஷாம்ப் என்ற கலைஞர் ஹவாயன் கிட்டார் வாசித்தவர். மடியில் படுக்கவைத்து, உருக்குத் துண்டை நரம்பின் மேல் வழுக்கி வாசிக்கிற முறை அது. அவர் இரவு வகுப்பில் மின்னியல் படித்து, வீட்டிலிருந்த சலவை இயந்திரத்தின் மோட்டாரை வைத்துச் சுருள் சுற்றிப் பார்த்தார் என்று சொல்வார்கள். 1931 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் உருவான அந்த முதல் கருவிக்கு வட்டத் தலையும் நீளக் கழுத்தும் இருந்ததால் ‘வாணலி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அடொல்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து அதை விற்கத் தொடங்கினார். காப்புரிமை அலுவலகத்துக்கு இது இசைக்கருவியா மின்கருவியா என்று குழப்பம். நிஜமாகவே சத்தம் வருமா என்று சந்தேகம். கலைஞர்களை அனுப்பி அதிகாரிகள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. 1937 ஓகஸ்டில்தான் காப்புரிமை கிடைத்தது. அதற்குள் மற்றக் கம்பனிகள் எல்லாம் பிக்கப் செய்யத் தொடங்கிவிட்டன.

அதே 1931 இல் ஹட்டனில் என்ன நடந்தது? கோ. நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடினார். தொழிலாளர் நிலைமையைப் பாட்டாக எழுதி 1940 இல் புத்தகமாகவும் போட்டார். துரையின் அனுமதியில்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம். போஷாம்ப்புக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, இழுத்து முடிச்சுப்போட வரவில்லை. ஆனால் ‘எப்படிக் கேட்க வைப்பது’ என்ற கேள்வி அந்த வருசங்களில் இரண்டு இடத்திலும் இருந்தது. ஒரு இடத்தில் கரண்டு இருந்தது.

அமெரிக்காவிலும் எல்லோருக்கும் இருந்ததில்லை. 1930களின் நடுவில் அங்கே விவசாயப் பண்ணைகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம். 1935 இல் கிராம மின்மயமாக்கல் நிர்வாகம் என்று அரசாங்கமே ஒன்றைத் தொடங்கித்தான் கம்பி இழுத்தார்கள். எலக்ட்ரிக் கிட்டாரின் கதையை எப்போதும் நாலு மேதைகள், ரெண்டு கராஜ் என்று சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. சுவரில் ஒரு பிளக் இருந்தால்தானே மேதை அதில் எதையாவது செருகிப் பார்க்கலாம்.

இப்போ எங்க பிளக். டி. ஜே. விமலசுரேந்திர என்ற இலங்கைப் பொறியியலாளர் 1918 இல் ஒரு கட்டுரை வாசித்தார்: களனியின் கிளையாறுகளான கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலியா ஓயாவிலும் விழுகிற தண்ணீரிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று. வெள்ளைக்கார அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். லக்சபான இயங்கத் தொடங்கியது 1950 இல். மனிதர் 1953 இல் இறந்துவிட்டார். அப்புறம் வேகம் பிடித்தது. 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கம், நோர்ட்டன் பிரிட்ஜில் அவர் பெயரிலேயே ஒரு மின்நிலையம், 60களின் கடைசியில் மவுசாகலை. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. கடும் வெயில் வந்து நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும், எல்லோரும் போய் போட்டோ எடுப்போம்.

அந்த வருசங்களை மறுபடி பாருங்க. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று கையெழுத்து. தலை எண்ணிக்கொண்டிருந்த அதே மலையில்தான் அணை கட்டினார்கள். தேயிலை மலைக்கு மேலாலேயே உயரக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கரண்டு கொழும்புக்குப் போனது. கீழே லயத்தில் குப்பி லாம்பு. தோட்டத்து ஸ்டோரில் மட்டும் அதற்கு முன்னாடியே கரண்டு உண்டு. ஓடைத் தண்ணீரில் சின்ன டர்பைன் வைத்து ரோலர் சுற்றிய தோட்டங்கள் மலையகத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. இலைக்குக் கிடைத்த கரண்டு அதைக் கிள்ளியவர் வீட்டுக்கு வர இன்னும் பல பத்து வருசம் ஆனது. 90களில்கூட லாம்பு வெளிச்சத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த அண்ணன்மார், அக்காமார் எங்க எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்க.

இனி ‘ம்ம்ம்’. வீட்டுக்கு வரும் மின்சாரம் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுகிறது: இலங்கையில் விநாடிக்கு 50 தடவை. கம்பி, டிரான்ஸ்போமர், டியூப் லைட் எல்லாவற்றையும் சுற்றி அதே தாளத்தில் காந்தப் புலம் ஆடும். பிக்கப்பின் வேலையே காந்தப் புலம் ஆடினால் சத்தமாக்குவது. அது நரம்பா டியூப் லைட்டா என்று அதற்குப் பேதம் தெரியாது. அதனால் 50 ஹேர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 100 இலும் ஓயாமல் முனகும். ஏழாவது நரம்பு, அதாவது கீழ் பி, 61.7 ஹேர்ட்ஸ். பாருங்க, முனகலும் நரம்பும் பக்கத்துப் பக்கத்து வீடு. (அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ். அங்கே முனகலே கிட்டத்தட்ட பி சுரத்தில்தான் வரும். சுருதிப் பெட்டி மிச்சம்.)

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் செத் லவர். ரேடியோ திருத்துகிறவராக இருந்து கிப்சன் கம்பனிக்குப் போனவர். அவருடைய யுக்தி எளிமையானது. ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள். ஒன்றின் காந்தம் மேல்நோக்கி வடக்கு, மற்றது தெற்கு. சுற்றும் திசையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டு சுருளிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று தின்றுவிடும். நரம்பின் சத்தம் மட்டும் கூடும். முனகலை முறியடிப்பதால் ‘ஹம்பக்கர்’. 1955 இல் விண்ணப்பித்தார், 1959 இல் காப்புரிமை கிடைத்தது. நடுவில் செய்த பிக்கப்புகளின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அந்த ஸ்டிக்கர் உள்ளது இன்றைக்குக் கோயில் நகை மாதிரி விலை போகிறது. இன்னொரு வேடிக்கை: காப்புரிமை கிடைத்த பிறகு பிக்கப்பில் பொறித்த இலக்கம் ஹம்பக்கருடையதே அல்ல, லெஸ் போலின் நரம்புப் பிடிப்பான் ஒன்றினுடையது. போட்டிக் கம்பனிகளைக் குழப்பவா, கை தவறியா என்று இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். ரே பட்ஸ் என்பவரும் அதே காலத்தில் தனியாக இதே யுக்தியை கிரெட்ச் கம்பனிக்காகச் செய்தார். இரண்டு சுருள் வைக்கும் எண்ணம் 1930களிலேயே காகிதத்தில் இருந்தது. ஆக ‘கண்டுபிடித்தவர்’ என்பதைக் கொஞ்சம் தளர்த்தியே படியுங்க.

எங்க காதுக்குக் கிட்டார் வந்தது அதற்குக் கொஞ்சம் பிந்தி. 70களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் பொப் பாட்டை இலங்கை வானொலி வழியாக வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். பக்கத்து நாட்டில் இளையராஜாவே கிட்டார்காரராக இருந்து வந்தவர். ஆனால் பிக்கப் என்ற பொருளை வைத்து ஒரு தென்னிந்தியர் செய்த பெரிய காரியம் என்று கேட்டால் நான் சொல்வது உ. ஸ்ரீநிவாஸின் மாண்டலின். மாண்டலினில் நரம்பு சோடி சோடியாக நாலு இருக்கும். தட்டினால் ‘டிங்’ என்று கேட்டு உடனே செத்துவிடும். கமகம் எங்கே பிடிப்பது? அவர் சோடியை எடுத்துவிட்டு ஒற்றை நரம்பாக ஐந்து போட்டார், மின்சாரப் பிக்கப் வைத்தார். இழுத்த சுரம் நின்றது, கீழ்ஸ்தாயியும் கிடைத்தது. 2014 இல் 45 வயதில் போய்விட்டார். நரம்பைக் கூட்டு, பிக்கப்பை மாற்று, ராகம் கேட்கிறதா பார். ஏழு நரம்புக்காரர்கள் செய்வதும் அதைத்தான்.

பிக்கப்பைத் தனியாக வாங்கி மாற்றலாம் என்ற பழக்கம் 1972 இல்தான் வியாபாரமானது. நியூயோர்க்கில் கிட்டார் திருத்திக்கொண்டிருந்த லரி டிமார்சியோ, பலமான பீங்கான் காந்தம் வைத்து ‘சூப்பர் டிஸ்டோர்ஷன்’ என்று ஒன்றை விட்டார். அம்ப்பை அதன் எல்லைக்குத் தள்ளிப் பிய்த்துக்கொண்டு வரும் சத்தம். சீமோர் டங்கன் சின்ன வயதில் அறுந்துபோன பிக்கப்பை ரெக்கோர்ட் பிளேயரின் தட்டில் வைத்துச் சுற்றித் திருத்தியவர். 1976 இல் கலிபோர்னியாவில் கம்பனி தொடங்கினார். அதே காலத்தில் ரொப் டேர்னர் தொடங்கியதுதான் ஈ.எம்.ஜி. உள்ளேயே குட்டி முன்பெருக்கி, 9 வோல்ட் பற்றரி. மூன்று பேரும் புது உலகம் படைக்கவில்லை. திருத்துகிற கடையிலிருந்து வந்தவர்கள். ஹட்டனில் ரேடியோ, டீவி திருத்துகிற கடை வைத்திருக்கும் அண்ணன்மாரைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஏழாவது நரம்பு வந்தது மெட்டலால் அல்ல. ரஷ்யாவில் 1800ஐ ஒட்டியே அந்திரேய் சிக்ராவின் கையில் ஏழு நரம்புக் கிட்டார் ஊன்றியது. பிரேசிலின் சோரோ இசையில் பாஸ் ஓட்டத்துக்காக அது இன்றும் உண்டு. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜோர்ஜ் வான் எப்ஸ் 1930களின் கடைசியில் எபிஃபோன் கம்பனியிடம் சொல்லி ஒன்று செய்வித்தார். பெரிய அளவில் கடைக்கு வந்தது 1990 இல் ஸ்டீவ் வாய்க்காக இபனெஸ் செய்த ‘யுனிவர்ஸ்’. அதில் டிமார்சியோவின் ‘பிளேஸ்’ பிக்கப். வாய் அதை வித்தைக்காரர் கையில் இருக்கிற கருவியாகத்தான் நினைத்தார். ஆனால் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் என்ற புழுதி ஊரிலிருந்து வந்த கோர்ன் குழு 1994 இல் அதையே இன்னும் ஒரு சுரம் கீழே இறக்கி, வேகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கனத்தை மட்டும் எடுத்தது. எனக்கு ஸ்டீவ் வாயைவிட அவர்கள்தான் இந்தக் கருவியைப் புரிந்துகொண்டவர்கள் என்று படும். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இனி நண்பனின் கேள்வி: எதைப் போடுவது?

கீழ் பி சேறாகக் கேட்பதற்குப் பிக்கப் மட்டும் காரணமில்லை. சாதாரணக் கிட்டாரின் நரம்பு நீளம் 25.5 அங்குலம். அந்த நீளத்தில் பி தொளதொளவென்று இருக்கும். அதனால்தான் பல கம்பனிகள் 26.5, 27 அங்குலம் என்று நீட்டுகிறார்கள். கிட்டாரை நீட்ட முடியாது, ஆனால் கீழ் நரம்பைத் தடித்ததாக மாற்றலாம், செலவு சில நூறு ரூபா. இதைச் செய்யாமல் பிக்கப் வாங்குவது, வெட்டாத கத்திக்குப் புதுப் பிடி போடுவது.

அதற்குப் பிறகும் சேறு என்றால் பிக்கப்பைப் பார்க்கலாம். ‘பலம் கூடினால் நல்லது’ என்று கடைக்காரர் சொல்வார். ஏழு நரம்புக்கு அது பாதி பொய். சுற்று கூடக் கூடச் சத்தம் கூடும், மேல்சுரங்களின் கூர்மை மழுங்கும். கீழ் நரம்புக்கு வேண்டியது கூர்மைதான். அல்நிக்கோ காந்தம் கொஞ்சம் மிருதுவாகவும் பீங்கான் காந்தம் இறுக்கமாகவும் கேட்கும் என்பது பொதுவான அனுபவம். பிரிட்ஜ் பக்கத்துக்கு இறுக்கம், நெக் பக்கத்துக்கு மிருது என்று கலந்து போடுகிறவர்கள் அதிகம். கிலோ ஓம் இலக்கத்தை வைத்துப் பலத்தைக் கணிக்காதீங்க. கம்பி மெல்லியதானாலே ஓம் ஏறிவிடும்.

அளவும் முக்கியம். ஏழு நரம்புப் பிக்கப்பில் இரண்டு சாதி உண்டு. ஒன்று சாதாரண ஹம்பக்கரைக் கொஞ்சம் நீட்டியது. மற்றது ஈ.எம்.ஜி 707 மாதிரி, பாஸ் கிட்டாருக்கு வருகிற சவர்க்காரக் கட்டி வடிவம். ஒன்றுக்கு வெட்டிய குழியில் மற்றது உட்காராது. முதலில் அடிமட்டத்தால் அளங்க, பிறகு ஆசைப்படுங்க. நரம்பு இடைவெளிக்கும் காந்த முளைகளுக்கும் பொருந்தவில்லை என்றால் ஓரத்து நரம்பு மெலிந்து கேட்கும். முளைக்குப் பதில் நீளத் தகடு வைத்த பிக்கப்பில் அந்தக் கவலை இல்லை. பற்றரிப் பிக்கப் போட்டால் வொலியூம் பொட்டையும் 500 கிலோ ஓமிலிருந்து 25 க்கு மாற்றவேண்டும். மேடையில் பற்றரி செத்தால் கிட்டாரும் செத்தது. பற்றரியில்லாத பிக்கப்பில் நாலு வயர் வரும், நிறங்கள் கம்பனிக்குக் கம்பனி வேறு. டங்கனில் கறுப்பு உயிர், பச்சை பூமி. டிமார்சியோவில் சிவப்பு உயிர், பச்சை பூமி. இரண்டையும் கலந்து போடும்போது படத்தைப் பார்க்காமல் ஈயம் வைத்தால் நடு சுவிட்சில் சத்தம் தகரம் மாதிரி ஒல்லியாகிவிடும்.

ஆனால் ‘ம்ம்ம்’? நண்பனின் கிட்டாரில் இருப்பது ஏற்கனவே ஹம்பக்கர்தான். ஏழு நரம்புக் கிட்டார் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அதாவது செத் லவரின் மருந்து உள்ளே இருக்கிறது, நோய் போகவில்லை. அப்போ நோய் வேறு.

ஒரு சின்னப் பரிசோதனை. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்புங்க. திசைக்குத் திசை முனகல் கூடிக் குறைந்தால் அது காந்த வழி வருவது. நரம்பைத் தொட்டதும் சத்தம் குறைந்து, கையை எடுத்ததும் கூடினால் அது கவசமில்லாத குழி, சரியில்லாத பூமித் தொடுப்பு. நண்பனின் கிட்டாரில் இரண்டாவதுதான். அது புதுப் பிக்கப்பால் போகாது, எத்தனை பேர் போட்டு வாங்கினாலும்.

பூமித் தொடுப்பு என்றதும் கதை லயத்துக்குத் திரும்புகிறது. கரண்டு பிந்தி வந்த பல லயத்தில் அது வந்த விதமும் அரைகுறைதான். ஒரு காம்பராவுக்கு எடுத்த இணைப்பிலிருந்து பக்கத்துக் காம்பராவுக்கு வயர். மூன்று முள் பிளக் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இருக்காது. மின்ஒழுக்கால் லயம் எரிந்தது என்று வருசத்துக்கு எத்தனை தடவை செய்தி வாசிக்கிறோம்?

கிட்டார்காரருக்கு இதில் தனி ஆபத்து உண்டு. நரம்புகள் பிரிட்ஜ் வழியாக அம்ப்பின் பூமியோடு தொடுக்கப்பட்டிருக்கும். அந்தப் பூமி நிஜத்தில் பூமியாக இல்லாமல், அம்ப்பில் ஒரு கோளாறும் வந்தால், நரம்பிலேயே கரண்டு ஏறும். 1972 மே 3 ஆம் திகதி வேல்ஸில் சுவான்சி நகர மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி பூமியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். 27 வயது. திருவிழா மேடையில் மழை ஈரத்தில், ஜெனரேட்டர் கரண்டில், வெறுங்காலோடு நிற்கிற எங்க பொடியன்களை நினைத்தால் எனக்கு இந்தச் செய்தி லேசாக இல்லை. தப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்குத் தேவை நெருப்பில் காட்டிச் சூடேற்ற ஒரு பிடி வைக்கோல் மட்டும்.

அதனால் நாங்க போட்ட வரிசை இப்படி ஆனது. முதலில் நண்பனின் காம்பராவுக்கு, தெரிந்த மின்னியலாளர் ஒருவரை வைத்துப் பூமிக்கம்பி இறக்கி, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. ட்ரிப் சுவிட்சில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் விழவேண்டும். அவன் வீட்டில் அதை அதுவரை யாரும் அழுத்தியதில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா, “நம்ம வீட்டுக்கும் பாத்துட்டுப் போங்க தம்பி” என்றார். அதற்கும் சேர்த்துத்தான் செலவு. அடுத்தது கிட்டாரின் குழிக்குள் செப்புத் தாள் ஒட்டி, அதைப் பூமி வயரோடு சேர்ப்பது. பிறகு தடித்த நரம்பு. அதற்கும் பிறகுதான் பிக்கப். அதுவும் சோடியில்லை, பிரிட்ஜ் பக்கத்துக்கு ஒன்று: பற்றரி இல்லாதது, பீங்கான் காந்தம், நீளத் தகடு, மெழுகில் தோய்த்தது. மெழுகு முக்கியம். சுருளுக்குள் கம்பி ஆடாமல் அதுதான் பிடித்திருக்கும், இல்லையென்றால் சத்தம் கூட்டியதும் விசில் அடிக்கும்.

முதல் மூன்று வேலைக்கும் ஆன மொத்தச் செலவு ஒரு பிக்கப்பின் கால்வாசிக்கும் குறைவு. ‘ம்ம்ம்’ முழுசாகப் போகவில்லை. டிஸ்டோர்ஷன் போட்டால் கொஞ்சம் இருக்கும், எல்லோருக்கும் இருக்கும். ஆனால் நரம்பிலிருந்து கையை எடுத்தால் இப்போ கூடுவதில்லை. பிக்கப்புக்குக் காசு சேர்ந்துகொண்டிருக்கிறது. கொழும்பில் ஒருவர் பாவித்த பிளேஸ் ஒன்றை விற்கிறாராம், வயரைக் கட்டையாக வெட்டி வைத்திருக்கிறார் என்று கேள்வி. நண்பனிடம் அடிமட்டத்தைக் கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.